மூன்று ஊர், ஒரு பேஸ் கிட்டார்

பாஸ்போர்ட்டில் குத்தியது போதாதென்று, போன மாதம் லிவர்பூலில் என் புறங்கையிலும் ஒரு முத்திரை குத்தினார்கள். ஒரு பப்பின் வாசலில். டிக்கெட் எடுத்து உள்ளே போனவர் என்பதற்கு அடையாளமாம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் லேசில் போகவில்லை.

எனக்கு பப்பில் என்ன வேலை?

சொல்கிறேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் மகள் நிவேதாவைத் தெரிந்திருக்கும். பஹ்ரைன் தலைநகர் மனாமாவில், குதைபியா பகுதியில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலை மூன்று பள்ளித் தோழிகளோடு ஆக்கிரமித்து, சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்து, பேஸ் கிட்டார் வாசிப்பவள். கிட்டார் வகையிலேயே கனத்த குரல் அதற்குத்தான். கீழ்வீட்டு அலமாரியில் பாத்திரம் அதிரும்.

பிளஸ் டூ முடிந்தது. தோழிகளில் ஒருத்தி கொச்சிக்கும், இன்னொருத்தி மணிலாவுக்கும், மற்றொருத்தி டொரன்டோவுக்கும் பெட்டி கட்டினார்கள். பேண்ட் கலைந்தது. வளைகுடாவில் வளரும் பிள்ளைகளின் நட்புகள் பெரும்பாலும் இப்படித்தான்... பிளஸ் டூவோடு ஏர்போர்ட்டில் கலையும்.

நிவேதாவுக்கு பிரிட்டனில் மூன்று ஊர்களில் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருந்தது — லிவர்பூல், மான்செஸ்டர், கிளாஸ்கோ. என் கணவர் ரேங்கிங் பார்த்தார். அவள் வேறொன்றைப் பார்த்தாள்.

"எந்த ஊர்ல மியூசிக் நல்லா இருக்கோ அங்க போறேன்ப்பா. கோர்ஸ் மூணு இடத்துலயும் ஆல்மோஸ்ட் சேம்தான்."

"ஏங் கண்ணு, கச்சேரி கேட்டுப்போட்டா காலேஜு சேருவாங்க?"

"அங்க இருக்கப் போறது நான்தானே? நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்."

அவருக்கு ஆபீஸில் லீவு மாஃபி — கிடையவே கிடையாது. ஆகவே கூடப் போனது நான். பகலில் பல்கலைக்கழகம், சாயங்காலம் பப். இதுதான் ஒப்பந்தம்.

லிவர்பூல் அழகான ஊர். ஆனால், அறுபது வருஷத்துக்கு முன்னால் நாலு பையன்கள் அங்கிருந்து கிளம்பி உலகத்தையே பாட வைத்தார்களே, அதிலிருந்து ஊர் இன்னும் மீளவில்லை. சிலையா, பஸ்ஸா, டீ கப்பா... எதில் பார்த்தாலும் அந்த நாலு முகம். முத்திரை குத்திய பப்பிலும் இளைஞர்கள்தான் வாசித்தார்கள். பாதி பாட்டு அந்தக் காலத்துப் பாட்டு. டூரிஸ்ட்டுகள் கேட்கிறார்கள், பாவம் இவர்கள் என்ன செய்வார்கள்?

நடுவில் ஒரு பையன் மைக்கைப் பிடித்து, "நாங்க பர்கன்ஹெட்" என்றான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊராம் அது. உள்ளூர்க்காரர்கள் 'ஊ' என்று கேலி செய்தார்கள். அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். எனக்கு அது பிடித்திருந்தது.

நிவேதாவுக்கு ஊர் அவ்வளவாக ஒட்டவில்லை. "எல்லாரும் பின்னாடி பாத்துட்டே நடக்கற மாதிரி இருக்கும்மா."

அடுத்தது மான்செஸ்டர். நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்தவள். அசல் மான்செஸ்டரில் இறங்கியதும் சம்பந்தி வீட்டுக்கு முதல்முறை வந்த மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். செங்கல் மில்கள். நூல் ஓடிய ஒரு மில்லுக்குள்ளேயே கச்சேரி. எங்கள் ஊரில் மில்லை மூடினால் அபார்ட்மென்ட் வரும். இங்கே டிரம்ஸ் வந்திருக்கிறது!

வாசித்தவர்கள் சிரிக்கவே இல்லை. கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்த பெரியப்பாக்கள் மாதிரி எடை போட்டது. அவர்களும் வாசிப்பதற்கு முன் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். ஸ்டாக்போர்ட். மான்செஸ்டரை ஒட்டிய டவுன்தான். அதையே தனி நாடு மாதிரி சொன்னார்கள்.

"இங்கயே சேந்துக்க கண்ணு. நம்மூரு மாதிரியே இருக்குது" என்றேன்.

"செம்மயா வாசிக்கறாங்கம்மா. ஆனா தப்பு பண்ணா கொன்னுடுவாங்க போல."

கிளாஸ்கோவில் முதல் பிரச்சினை, ஆங்கிலம். ஸ்காட்லாந்துக்காரர்கள் பேசுவது எனக்கு மட்டுமல்ல, ஆங்கிலத்திலேயே கனவு காண்கிற நிவேதாவுக்கும் பாதிதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பப்பின் பின்னறையில் ஓபன் மைக். யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். நான் சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தேன். மேடையில் நிகழ்ச்சி நடத்திய தாட்டியான பெண்மணி ஒரு பெயரைக் கூப்பிட்டார். 'நிவ்வேடா' என்று காதில் விழுந்தது. திரும்பினால் பக்கத்து நாற்காலி காலி!

என்னிடம் சொல்லாமல் பெயர் கொடுத்திருக்கிறாள்.

இரவல் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்மணி கேட்டார், "எந்த ஊரும்மா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அது சாதாரணக் கேள்வியா? பஹ்ரைனில் கேட்டால் கோயம்புத்தூர் என்பாள். கோயம்புத்தூரில் கேட்டால் பஹ்ரைன் என்பாள். ரெண்டும் இல்லாத இடத்தில்?

கொஞ்சம் யோசித்தாள். "குதைபியா" என்றாள்.

அது எங்கே இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கைதட்டினார்கள்.

அவளே உருவாக்கிய மெட்டு. பேஸைத் தனியாக வாசிப்பது சுலபமில்லை. பின்னால் நின்று மற்றவர்களைத் தாங்கிப் பழகிய வாத்தியம் அது. பாதி வரை நன்றாகத்தான் போனது. அப்புறம் விரல் தடுக்கியது. நின்றுவிட்டாள். அவள் முகம் சிவந்தது. எழுந்து போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று எனக்கு ஒரு துடிப்பு. எழுந்தும்விட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா ஏதோ கத்தினார். 'முதல்ல இருந்து வாசி பொண்ணே, எங்களுக்கு அவசரமில்ல' என்பதாக அர்த்தம் — பக்கத்து மேஜைக்காரர் மொழிபெயர்த்தார். சிலர் மேஜையில் தாளம் தட்ட ஆரம்பித்தார்கள். நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். முடிக்கும்வரை ஒருவரும் நாற்காலியை நகர்த்தவில்லை. நின்றுகொண்டிருந்த என்னைத் தவிர எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். கொஞ்சம் வருத்தம்தான், மறைப்பானேன்?

"ஏங் கண்ணு, கோயம்புத்தூருன்னு சொல்லியிருக்கலாமல்ல?"

"அங்க எனக்கு ஒரு பஸ் ரூட் கூடத் தெரியாதேம்மா. குதைபியாவுல எந்தக் கடைல எப்ப சமோசா சூடா இருக்கும்னு தெரியும்."

"அப்ப பஹ்ரைன்தான் உன்ற ஊரா?"

"அப்பா விசா முடிஞ்சா அதுவும் கலாஸ். அவ்வளவுதான். அது எனக்கும் தெரியும்." சாலையைக் கடந்ததும் திரும்பிச் சொன்னாள்: "ஆனா கேட்டப்ப வாய்ல வந்தது அதுதான்."

லிவர்பூல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆற்றைத் தாண்டினாலே வேறு ஊர். அந்தப் பெயருக்காக மேடையில் சண்டை போடுகிறார்கள். நாங்கள் கடல் தாண்டி வந்து, பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தோம். மைக்கில் சொல்ல ஒரு ஊர்ப் பெயரை மட்டும் அவர்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கிளாஸ்கோவையே தேர்ந்தெடுத்தாள். "தப்பா வாசிச்சப்ப யாரும் எந்திரிச்சுப் போகலம்மா" — அவ்வளவுதான் காரணம். மான்செஸ்டருக்காக நான் ஒன்றிரண்டு முறை வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

என் கணவரிடம் மட்டும் ஒரு கடைசி ஆயுதம் இருந்தது. "மூணுலயும் ஜாஸ்தி குளுரு அங்கதான் கண்ணு. தாங்குவியா?"

நிவேதா சிரித்துவிட்டாள்.

"அப்பா... பொறந்ததுல இருந்து என்னை பதினெட்டு டிகிரி ஏசிலதானே வெச்சிருக்கீங்க?"