இருபத்திரண்டாம் நிமிடத்தில் நின்ற கார்

"அப்பா, உங்கட கார் நடு றோட்டில நிக்குது."

கணினி செத்த மறுநிமிடம் கைபேசி அடிக்கும். நோர்வேயிலிருந்து மகளின் குரல். எனக்கு முன்னால் திரை கறுத்துக் கிடக்கும். அதில் தெரிவதெல்லாம் என் மூக்குக்கண்ணாடி, என் நரை, முதுகுக்குப் பின்னால் யன்னலில் தலைவிரித்தாடும் ஒற்றைப் பனை.

"நிக்கட்டும். நீ போ பிள்ளை."

"போகமாட்டன். உங்களைச் சுத்திச் சுத்தி ஓடிக்கொண்டு நிக்கிறன். ஹோர்ன் அடிக்கிறன், கேக்குதோ?"

கேட்காது. ஆனாலும் ஓம் என்பேன்.

கார் ஓட்டுகிற விளையாட்டு அது. அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது இந்தக் கணினியை வாங்கினோம். இப்போது உள்ளுக்குள் பாதி உறுப்புகள் மாற்றிப் போட்டவை. பெட்டி மட்டும் பழையது. அந்த நாட்களில் ஒரு கதிரையில் இரண்டு பேரும் நெருக்கி உட்கார்ந்து ஒரே காரை ஓட்டுவோம். வேகமும் பிறேக்கும் என் விரல்களில், திருப்பம் அவள் விரல்களில். எத்தனை மதில்களில் மோதியிருப்போம்! "நீங்கள் ஏன் வளைவில அமத்திறீங்கள்?" என்று கத்துவாள். "நீ ஏன் வளைவுக்குக் கொண்டு போனனீ?" என்று நானும் கத்துவேன். கலியாணம் முடித்து அவள் போய் மூன்று வருடம். இந்த வருடம் சோளகக் காற்று எழும்பியதிலிருந்து ஆளுக்கொரு கார். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, அவளுக்கு அது மத்தியானம், இரண்டு கார்களும் ஒரே சதுக்கத்திலிருந்து புறப்படும்.

அந்த விளையாட்டில் ஒரு பாதை உண்டு. மலை, வயல், இருட்டுக் காடு, அதற்குப் பிறகு கடலின் மேல் நீண்டு கிடக்கும் ஒரு பாலம். "எங்கட மன்னார்த் தாம்போதிப் பாலம் மாதிரியே இருக்கப்பா. அங்கால ஒரு தீவு. நான் இன்னும் போகேல்லை. உங்களோடதான் போறதெண்டு விட்டிட்டன்." பாலத்துக்கு முப்பத்தைந்து நிமிட ஓட்டம். என் கணினி இருபத்திரண்டாம் நிமிடத்தில், காட்டுக்குள் நுழையும் இடத்தில், பொத்தென்று நின்றுவிடும். அரை மணித்தியாலம் ஆறாமல் திரும்ப உயிர் வராது.

வீடியோ பார்த்தாலும் அதே கதை. அவளுடைய கலியாண வீடியோவில் பீடத்துக்கு முன்னால் மோதிரம் போடுகிற கட்டத்தை இந்தச் சோளக காலம் முழுக்க நான் பார்க்கவில்லை. ஆனால் எழுதும்போது ஒருநாளும் நின்றதில்லை. நான் விடியவிடிய எழுதினாலும் பெட்டி பச்சைத் தண்ணீர் போல் இருக்கும். என் எழுத்துக்கு அது ஒரு தடவைகூடச் சூடேறவில்லை.

ஆடி மாதத்து ஒரு ஞாயிறில் அவள் சொன்னாள்: "அப்பா, எனக்கு வேலை நேரம் மாறுது. வயது போன ஆக்களைப் பாக்கிற இடமெல்லே, ஞாயிறும் வரச் சொல்லுகினம். இன்னும் மூண்டு ஞாயிறுதான்."

மூன்று ஞாயிறு. அதற்குள் பாலத்தைக் கடக்க வேண்டும்.

முதலில் கரண்ட்டைச் சந்தேகித்தேன். சோளகம் அடித்தால் எங்கள் பக்கத்தில் மின்விளக்கே கண் சிமிட்டும். பங்குக் கோயில் கந்தோரிலிருந்து ஒரு யூபிஎஸ் இரவல் வாங்கிப் பொருத்தினேன். இருபத்திரண்டு நிமிடம். அவள் சொல்லித்தர, நினைவகத் தகட்டைக் கழற்றிப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்துப் போட்டேன். இருபத்திரண்டு. படத்தை இயக்கும் மென்பொருளைப் புதிதாக இறக்கினேன். இருபத்தொன்று. முதல் ஞாயிறு போனது.

திங்கட்கிழமை பெட்டியை ஓட்டோவில் ஏற்றி மன்னார் பஸாருக்குக் கொண்டுபோனேன். புறப்படும்போது மனைவி வாசலில் மறித்தாள். "இஞ்சேருங்கோ, அந்த ஊத்தை உறையோட கொண்டு போகாதேங்கோ, பாக்கிற சனம் என்ன நினைக்கும்?" டொக்டரிடம் போகும் பிள்ளைக்குச் சட்டை மாற்றுவதுபோல பெட்டியின் துணி உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனேன். வழியில் ஐந்து கழுதைகள் றோட்டை அடைத்து நின்றன. மடியில் பெட்டியை அணைத்தபடி, அவை மனம் இரங்கும்வரை காத்திருந்தேன்.

கடைக்காரத் தம்பி பக்கத்தைத் திறந்து ஊதினார். உள்ளங்கை நிறைய, ஒரு சிரங்கை மண் வந்தது. "அண்ணன், கடற்கரையையே உள்ளுக்கு வெச்சிருக்கீங்க." பிறகு ஒரு படத்தைப் போட்டு விட்டார். படம் முடிந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் முடிந்தது. பெட்டி நிற்கவில்லை.

"இதுக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்ல அண்ணன்."

"வீட்டில நிக்குதே."

"அப்ப வீட்டுக்குத்தான் வருத்தம்."

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்து, உறையைத் திரும்ப மாட்டி, சுவிச்சைப் போட்டேன். இருபத்திரண்டு நிமிடம்.

வீட்டுக்குத்தான் வருத்தம். அந்தச் சொல் இரண்டு நாளாக என்னை வளைய வளையச் சுற்றியது. மனைவி செபமாலையை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். நான் பகடி பண்ணவில்லை. இரண்டாவது ஞாயிறும் காட்டு வாசலில் முடிந்தது. அன்றைக்கு அவள் ஹோர்ன் அடிக்கவில்லை. பேச்சை மாற்றி, "அந்தக் கள்ளப் பூனை என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

"என்ன செய்யிறது, பெட்டிக்கு மேல படுத்திருக்கு. நான் விளையாடத் தொடங்கினாலே ஏறிப் படுத்திடும்."

"நீங்கள் எழுதேக்கையும் படுக்குமோ?"

"அப்ப வராது."

அவள் விடவில்லை: "அப்பா, பூனை எதுக்கு மேல படுத்திருக்கு? பெட்டியிலயோ, உறையிலயோ?"

"உறையிலதான்."

"கணினி ஓடேக்கை உறை போட்டோ இருக்கு?"

அந்த உறை அவள் தைத்தது. வெளியே அவளுடைய வெள்ளைப் பள்ளிச் சீருடைத் துணி, உள்ளே காற்றுப் புகாத தார்ப்பாய்ப் படங்குத் துண்டு. எங்கள் கரையில் சோளகம் எழும்பினால் சோற்றிலும் மண், தலையணையிலும் மண். பேசாலைப் பக்கத்து வீடுகளில் வானொலி, தையல் மெசின் எல்லாம் அந்த மாதங்களில் சட்டை போட்டுத்தான் இருக்கும். புறப்படுகிற அன்று, "அப்பா, மண் போகாமப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள். பார்த்துக்கொண்டேன். கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் மண் போகுமே என்று, கழற்றாமலே பாவிக்கச் சுவிச்சுக்கு ஒரு ஓட்டை, வயர்களுக்கு ஒரு ஓட்டை பிளேட்டால் இந்த வருடம் நானே வெட்டினேன். காற்றாடியின் வாய்க்கு நேரே படங்கு. விளையாட்டும் வீடியோவும் அதை வேலை வாங்க வாங்க, மூச்சுவிட வழியில்லாமல் அவிந்து அவிந்து, தன் உயிரைக் காப்பாற்றத் தானே நின்றிருக்கிறது.

"அது நிப்பாட்டினாப் பிறகு போர்க்கிறதுக்கெல்லோ தைச்சனான்!" அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். "அடுப்புக்கு மேல பாய் போட்டு மூடி வைச்சிருக்கிறீங்கள்!" பின்னால் மருமகன் என்ன என்று கேட்பதும் கேட்டது. நானும் சிரித்தேன். உறையைக் கழற்றி மடியில் வைத்தேன். சுடச்சுட இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் சட்டைபோல.

கடைசி ஞாயிறு யன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் பழைய சாரத் துணி அடைத்தேன். வேர்வை முழங்கையில் வழிந்தது. முதன்முறையாகக் காற்றாடியின் சத்தம் கேட்டது, தூரத்து வள்ளத்து எஞ்சின்போல. மனைவி கதவு நிலையில் சாய்ந்து மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றாள். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. காட்டுக்குள் நுழைந்தோம். இருபத்திமூன்று. மனைவி சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக் குசினிக்குப் போய்விட்டாள்.

காடு முடிந்தது. பாலம்.

"அப்பா, மெதுவா. பக்கத்தில வாங்கோ."

இரண்டு கார்களும் ஒட்டி ஒட்டி ஊர்ந்தன. இரண்டு பக்கமும் கடல், தண்ணீர் எதையும் நனைக்காத கடல். அவள் மூச்சு மட்டும் காதில். அந்தப் பக்கத்துத் தீவில் ஒரு மணல்திட்டு, பூட்டிய ஒரு வீடு, அதோடு றோட்டு முடிந்துபோனது.

"இவ்வளவுதானோ?" என்றேன்.

"இவ்வளவுதான் போல." சிரித்தாள். "அப்பா, பஸ் வரப்போகுது. இண்டைக்கே வேலை தொடங்குது. வைக்கட்டோ?"

"ஓம் மகள். கவனம்."

அவளுடைய சிவப்புக் கார் ஒரு கணம் மங்கி, இல்லாமல் போனது. இவ்வளவு நாளும் என் கணினி முதலில் செத்துவிடும். அவள் போவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. விமான நிலையத்திலும் கூட்டம் மறைத்தது. இப்போது பார்த்தேன். அது நின்ற இடத்தில் டயர்ச் சுவடுகூட இல்லை.

நான் விளையாட்டை மூடவில்லை. அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். ஹோர்ன் அடித்தேன். பூனை பெட்டியில் ஏறிப் பார்த்து, சூடு காணாமல் இறங்கிப் போனது.

"இஞ்சேருங்கோ," குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இன்னும் நிக்கேல்லையோ?"

"இல்லை," என்றேன். "நல்லா ஓடுது."