காய்ந்த வெள்ளைத் துணி

மழைநாளில் மகள் தன் பிள்ளையின் மூத்திரத்துணியை அடுப்புக்கு மேலே காயப்போட்டாள். அந்தப் புகைவாடை என்னைத் தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கு இழுத்துப் போனது.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா துரை பங்களாவில் குழந்தைத் துணி துவைத்தாள். எங்கள் தம்பிக்குக் கிழிந்த சேலைத் துண்டுகள்தாம். அடைமழையில் ஒன்றும் காயவில்லை. அவன் தொடையெல்லாம் புண். பங்களா வராந்தாவில் காய்ந்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துவந்து கட்டினேன். அழுகை நின்றது.

அம்மா வந்ததும் என்னை அறைந்தாள். "தொரசானிக்குத் தெரிஞ்சா தோட்டத்தவிட்டே வெரட்டிருவாங்கடி!" என்று துணியை அவிழ்த்து, ஈரச் சேலைத்துண்டையே கட்டினாள். தம்பி மறுபடி வீறிட்டான்.

அந்த வாரமே சளிக்காய்ச்சலில் அவன் போய்விட்டான். புதைத்த மறுநாள் அம்மா பங்களாவுக்குத் துவைக்கப் போனாள். நான் பல மாதம் அவளோடு பேசவில்லை. ஏனென்று அவளும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.