பொனட்டில் இருந்த வெள்ளிக்கிழமைப் பொட்டு

எனக்கு வயது எழுபத்து நான்கு. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது என் பேத்தி. அவளுடைய தாய் டுபாயில் இருந்த காலமெல்லாம் அவளுக்குச் சோறு ஊட்டியதும் தலை பின்னிவிட்டதும் நான்தான். இப்போது நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை வாசிக்கத் தெரியும். அதற்கு மேல் எழுத்துக் கூட்டினால் பொழுது போய்விடும். பேசுவதற்கு மட்டும் எனக்கு யாருடைய உதவியும் தேவைப்பட்டதில்லை.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம், சரிவில் இருக்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் கராஜ் மட்டும்தான் தெரியும். வீடு அதற்குக் கீழே, படி இறங்கி வர வேண்டும். அதனால் மேலே என் மூன்றாவது மகள், இந்தப் பேத்தியின் தாய், என்ன வேலை செய்தாலும் அது என் தலைக்கு மேலேதான் நடக்கிறது.

அவள் கார் கழுவுகிறவள் அல்ல. அக்கம்பக்கத்தில் அப்படிச் சொன்னவர்களுக்கு நான் நின்று விளக்கம் சொல்லியிருக்கிறேன். காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. அழுக்குத் துணியால் துடைத்துத் துடைத்து அதில் சிலந்தி வலை போலக் கீறல் விழுந்துவிடும். மெஷினைப் பிடித்து அந்தத் தோலைச் சீவிச் சமப்படுத்தி, மேலே இன்னொரு பூச்சுப் பூசி, முகம் பார்க்கிற மாதிரி ஆக்குவதுதான் அவளுடைய வேலை. டுபாய்க்கு ஹோட்டல் அறை துடைக்கப் போனவள், பிறகு ஒரு பெரிய கார்க் கடைக்கு மாறி இதைப் படித்துக்கொண்டு வந்தாள்.

வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "ஒரு வருஷம் பாக்குறேம்மா. சரிவரலன்னா திரும்பப் போயிருவேன்."

டுபாய்க்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் அடிக்கடி போன் எடுப்பார். அவர் குரல் கேட்டால் நான் துடைத்த மேசையையே திரும்பத் துடைப்பேன். பேத்தி புத்தகத்தை விரித்தபடி ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேலே வந்ததெல்லாம் வேன்களும் வாடகைக் கார்களும்தான். வருஷம் முடிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. கருநீலம். அதில் உட்காருவது பாயில் உட்காருவது மாதிரி, அவ்வளவு தாழ்வு. கம்பளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற ஒரு தம்பியுடையது. பொனட்டின், அதுதான் காரின் முன்மூடியின், நடுவில் மூன்று விரல் கோடும் அதற்கு நடுவில் ஒரு வட்டமும் வெளிறித் தெரிந்தன. பொட்டு இல்லை, பொட்டு இருந்த தடம்.

மகள் பெயின்ட்டின் தடிப்பைப் பார்க்கிற கருவியை அங்கங்கே வைத்துப் பார்த்தாள். தடம் இருந்த இடத்தில் வைத்ததும் முகம் மாறியது.

"இந்த எடத்துல மட்டும் மெலிஞ்சு போயிருக்கு சேர். என்னத்த வச்சுத் தேச்சீங்க?"

"நான் தேய்க்கல. எங்கம்மா. வெள்ளிக்கு வெள்ளி சந்தனம், குங்குமம் வைப்பாங்க. புதுசு வைக்க முந்தி பழசு போகணும்ல, எலுமிச்சம்பழத்த வெட்டித் தேச்சுருவாங்க." தம்பி தலையைச் சொறிந்தார். "கொழும்புல கூட்டாளிமாரு கோயில் தேரு வந்துருச்சுன்னு சிரிக்கிறானுங்க. இத சுத்தமா எடுத்துக் குடுங்க. செஞ்சு காட்டுனீங்கன்னா அவனுங்க கார் எல்லாத்தையும் இங்கதான் அனுப்புவேன்."

"முழுசாப் போகும்னு இப்ப சொல்ல மாட்டேன் சேர்."

"நீங்க செய்வீங்க," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தக் கார்கள் வந்தால் மகள் இங்கே இருப்பாள். வராவிட்டால் ஏஜென்சிக்காரர். எனக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

கழுவி, ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டி, மெஷினைப் போட்டாள். கூரையிலும் கதவிலும் ஓடும்போது சத்தம் ஒரே சீராக வரும். பொனட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டு வந்தது. கொஞ்சம் ஓடும், நிற்கும். அளந்து பார்க்கிறாள் என்று தெரியும். நான் குசினியில் வெங்காயத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் படியேறுவேன்.

"அம்மா, மேல வராதீங்க. சீலையில தூசி வரும்."

"ஏஞ் சீலையில ஏது தூசி? காலையில மாத்துனது."

"நூலு பறக்கும்மா. ஈரப் பொனட்டுல ஒட்டிக்கிரும்."

நூல் பறக்கிற சீலை நான் உடுத்துவதில்லை. ஆனாலும் கராஜுக்குள் போகாமல், கடைசிப் படிக்குக் கீழே நின்று தலையை மட்டும் நீட்டிக்கொண்டேன். மகள் பார்த்துச் சிரித்தாள். அந்த வாரம் அவள் சிரித்தது அப்போதுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள். லைட்டைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். சிலந்தி வலை ஒன்றும் இல்லை. என் முகம் தெரிந்தது, பல்லுப் போன இடம் வரை தெரிந்தது. அந்தத் தடம் மட்டும், கண்ணாடியில் மூச்சு விட்டால் படிகிற ஆவி மாதிரி, இன்னும் இருந்தது.

"இன்னொருக்கா ஓட்டுனா போனாலும் போயிரும்," என்றாள். "இல்லன்னா தோலு அத்துக்கிட்டு நெறம் கெளம்பிரும். அப்புறம் பொனட்டு முழுக்கப் பெயின்ட் அடிக்கணும். கம்பெனிப் பெயின்ட் போச்சுன்னா இந்த மாதிரிக் காருக்கு மதிப்பே இல்ல."

"அப்ப விட்டுட்டா?"

"அவரு ஏத்துக்கணும்."

"ஏத்துக்காட்டி?"

மகள் லைட்டை அணைத்தாள். ஒருமுறை ஓட்டிப் பார் என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. பேத்தி படியில் உட்கார்ந்து தாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மெஷினின் வயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தாள். நான் வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினேன். கீழே வந்தும் உட்கார முடியவில்லை. அறையிலிருந்து குசினிக்கும் குசினியிலிருந்து அறைக்கும் நடந்தேன்.

சாயந்தரம் பூச்சுப் பூசினாள். அது முழுதாக இறுகும் வரை தண்ணீர் படக் கூடாது, கை படக் கூடாது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை தம்பி பார்க்க வந்தார். தாயும் கூட. பட்டுச்சீலை, தலையில் பூ, கையில் பித்தளைத் தட்டு, அதில் சந்தனம், குங்குமம், கற்பூரம், எலுமிச்சம்பழம். நான் என் இடத்தில், கடைசிப் படிக்குக் கீழே நின்றேன். தம்பி போனில் யாருடனோ பேசிக்கொண்டிருக்க, அந்த அம்மா நேரே பொனட்டுக்குப் போய் மூன்று விரலைச் சந்தனத்தில் தோய்த்துவிட்டார். பூசைத் தட்டோடு நிற்கிற பெரிய மனுஷியை என் மகள் எப்படி அதட்டுவாள்? நூலாவது தூசியாவது என்று நான் போய்த் தட்டின் விளிம்பைப் பிடித்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க."

"தட்டுல கை வைக்காதீங்க. வெள்ளிக்கெழம."

"ஒங்களுக்கு எத்தன வயசு?"

"வயசு என்னாத்துக்கு? அறுபத்தொம்பது."

"எனக்கு எழுபத்து நாலு. மூத்தவ சொல்றேன், கேளுங்க. பூசுனது இன்னும் காயல. கை படக் கூடாது."

"சாமி சந்தனம் பட்டா காயாதா?"

"காயும். சந்தனத்தோட சேந்து காயும். அப்புறம் ஒங்க மகன் எம் மகளத்தான் வந்து கேப்பாரு."

அந்த அம்மா விரலை எடுத்துக்கொண்டு பொனட்டைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார்.

"ஏம் பொட்டு எங்க? யாரு அழிச்சது?"

தம்பி போனைக் காதிலிருந்து எடுத்தார். அவர் கண் என் மகளிடம் கெஞ்சியது. தாயிடம் சொல்லாமலே வேலை கொடுத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

மகள் லைட்டை எடுத்துச் சாய்த்துப் பிடித்தாள். "முழுசா அழியலம்மா. இங்கிட்டு வந்து பாருங்க." அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். மகள் அதே மூச்சில் தம்பியிடம் சொன்னாள்: "சேர், நீங்களும் பாருங்க. வெயில்ல தெரியாது. லைட்ட இப்புடிப் புடிச்சாத் தெரியும். இதுக்கு மேல எடுத்தா பெயின்ட் போயிரும். அதான் நிப்பாட்டிட்டேன்."

எனக்கு அந்த நேரம் அவள் மேல் கோபம் வந்தது. தாய்க்குக் காட்டியதோடு விட்டிருக்கலாம். தம்பி குனிந்து பார்த்தார். ஷட்டரைத் தூக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார். திரும்ப லைட்டில் பார்த்தார்.

"மூணு கோடு," என்றார் அந்த அம்மா. "ஏங் கைதான். எதுக்குடா எடுக்கச் சொன்ன?"

"கீறலத்தான்மா எடுக்கச் சொன்னேன்."

"எம் பொட்டு ஒனக்குக் கீறலா?"

நான் குறுக்கே புகுந்தேன். "பொட்டுல ஒண்ணும் இல்ல. எலுமிச்சம்பழந்தான் தோலத் தின்னுருச்சு. பழத்த டயருக்கு வைங்க. கார்ல தேய்க்காதீங்க."

"அப்ப இன்னைக்கு எங்க வைக்கிறது? வெள்ளிக்கெழமையில வெறும் வண்டியா விட மாட்டேன்."

"நம்பர் பிளேட்டுல வைங்க. அது தகரம். வருஷம் பூரா வைங்க, யாரு கேக்கப் போறா?"

அந்த அம்மா யோசித்தார். குனிய முடியவில்லை. நான் ஒரு கையைப் பிடித்துக்கொண்டேன், தம்பி மறு கையைப் பிடித்தார். நம்பர் எழுத்துக்கு இடம் விட்டு, ஓரத்தில் மூன்று கோடு இழுத்துக் குங்குமம் வைத்தார். கற்பூரத்தை மட்டும் ரோட்டில் வைத்துக் கொளுத்தச் சொன்னேன். கராஜில் ஸ்பிரிட் போத்தல்கள் இருக்கின்றன.

போகும்போது தம்பி மகளிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தடம் இருக்குன்னு நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"கழுவுற நேரம் ஒரு நாளைக்குப் பாத்திருப்பீங்க சேர். அன்னைக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

"பாப்போம்," என்றார். அவ்வளவுதான்.

பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் அன்று முழுவதும் மகளைக் கேட்டேன். "பாப்போம்னா பாப்போம்மா," என்றாள். சனிக்கிழமை ஆள் அனுப்பிக் காரை எடுத்துக்கொண்டார். பிறகு பேச்சு மூச்சில்லை. ரோட்டில் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் நான் படியேறினேன். முழங்கால் வீங்கிவிட்டது.

முழங்காலுக்கு நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது, அதுவும் தாழ்வு. அது போவதற்குள் இன்னொன்று. கம்பளைத் தம்பி என்ன சொல்லி அனுப்பினார் என்று மகள் கேட்டிருக்கிறாள். "இருக்குறத இருக்குன்னு சொல்லுவாங்கன்னு சொன்னாரு," என்றாராம் வந்தவர்.

ஏஜென்சிக்காரர் திரும்பவும் போன் எடுத்தார். மகளின் கையில் கையுறை. நான்தான் போனை அவள் காதில் பிடித்தேன். "இந்த வருஷம் வரலண்ணே," என்றாள்.

இந்த வருஷம் என்றாளே, அது எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வருஷம்? கேட்கலாம் என்று நினைத்தேன். போனை வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அவளிடம் கேட்காததை இங்கே எழுதச் சொன்னேன். அந்த வரியில் என் பேத்தியின் பேனை நின்றது, பிறகு எழுதியது.

"எழுதிட்டியா? சரி, மொதல்ல இருந்து வாசி, கேப்போம். அந்தக் கம்பளை அம்மாவ எங்கயாச்சும் கொறச்சுச் சொல்லியிருந்தா அந்த எடத்துல நிப்பாட்டு. ஒங்கம்மா போறத பத்திச் சொன்ன எடத்துல மட்டும் நிப்பாட்டாம வாசி."