கட்டைவிரலும் காலி வீதி பஸ்ஸும்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டின் லிஃப்டில் ஏறினால் என் மகளுக்குத் திடீரென்று வயது கூடிவிடும். நாலு வயசுப் பிள்ளையை இங்கே பெரியவர்களே ‘நீங்கள்’ என்கிறார்கள். “பிள்ளை, கையை வாயில இருந்து எடுங்கோ” என்று மூன்றாம் மாடி ஆன்ட்டி முதல்முறை சொன்னபோது, யாரைச் சொல்கிறார் என்று இனியா பின்னால் திரும்பிப் பார்த்தாள். எங்கள் ஊர் மதுரையில் இதே விஷயம் ‘எடுடி கையை’ என்று ஒரு தட்டோடு வந்து சேரும். இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் அது அதட்டல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? விரல் இருந்த இடத்திலேயே இருந்தது.

கணவருக்கு இரத்மலானையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தவர்கள் நாங்கள். ஊரில் தூங்கும்போது மட்டும் விரல் சூப்பியவள் இங்கே பகலெல்லாம் சூப்ப ஆரம்பித்தாள். நான் சும்மா இருக்கிற ஆளா? வேப்பெண்ணெய் தடவினேன். முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த கைக்கு மாறினாள். பல் டாக்டரோ இந்த வயதில் பல்லுக்காகப் பதற வேண்டாம், எப்போதெல்லாம் சூப்புகிறாள் என்று மட்டும் கவனியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பதறவைத்தது அவள் போகும் மொண்டிசோரிப் பள்ளிதான். ஷர்மிளா டீச்சர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், என் வயதுதான் இருக்கும். “உங்கட மகள் கதைக்கிறதே இல்ல. வீட்டிலயாவது கதைக்கிறவவோ?” என்று கேட்டார். இப்படியே போனால் அடுத்த தவணை சின்னப் பிள்ளைகளோடு விடவேண்டி வரும் என்றார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. மதுரையில் மாடியில் நின்று பூக்காரம்மாவிடம் பேரம் பேசியவள் அவள். ஓயாத வாய்.

அனுமதி கேட்டு ஒரு காலை முழுக்க வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். சாப்பாட்டு நேரம் இனியா விரலை எடுத்தாள். “மிஸ், எனக்கும் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றாள். பக்கத்தில் இருந்த பொடியன், “டிவி அக்கா கதைக்கிறா” என்றான். வகுப்பே சிரித்தது. அதில் வன்மம் ஒன்றும் இல்லை. எங்கள் தமிழை அவர்கள் கார்ட்டூனில் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்க வேண்டிய குரல் பக்கத்து நாற்காலியில் இருந்து வந்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தானே செய்யும். விரல் திரும்ப வாய்க்குள் போனது. அவள் சூப்பவில்லை, விரலால் வாயை மூடிக்கொண்டாள் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

அவளுக்கு இந்த ஊரில் பிடித்த ஆள் யார் என்றால், காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியில் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர். நோட்டுகளை நீளமாக மடித்து விரல் இடுக்குகளில் செருகிக்கொண்டு, கதவில் தொங்கியபடி ஊர்களை ஒரே மூச்சில் கூவுவாரே, அவரை வாய் பிளந்து பார்ப்பாள். கையில் ஒரு விரல்கூடச் சும்மா இல்லாத வேலை. அந்தக் கூவலோ சிங்களத்தில். அவள் தமிழும் இல்லை, பொடியன் தமிழும் இல்லை. டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை, வகுப்பு நாற்காலிகளை பஸ் சீட் மாதிரி வரிசையாகப் போட்டார். இனியா கலர் பேப்பரை மடித்து விரல்களில் செருகினாள். முதலில் குரல் வரவில்லை. பிறகு “இஸ்ஸரஹட்ட யன்ன” என்று கத்தினாள். முன்னால போங்க என்று அர்த்தம். அவளை டிவி அக்கா என்ற பொடியன் முன்னால் போனான்.

சின்னப் பிள்ளைகள் வகுப்புப் பேச்சு இப்போது இல்லை. தூங்கும்போது விரல் வாய்க்குப் போகிறது, போகட்டும். நேற்று மாலை எங்கள் ஹாலிலும் பஸ் ஓடியது, நானும் கணவரும் பயணிகள். “பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை” என்று கூவி வந்தவள், மூச்சு வாங்கிக்கொண்டு, “மதுரை” என்றாள். “மதுரை இறங்குற ஆக்கள் இறங்குங்கோ.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தோம். கண்டக்டர் கதவைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள்.