இரண்டும் பெண் வீடு

போன ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணி வெயிலில், கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டு வாசலில், பலகாரத் தட்டத்துடன் நின்றுகொண்டிருந்தேன்.

அது என் மகளின் சிநேகிதியுடைய தாய் வீடு. சிநேகிதி என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இருவரும் பல வருடங்களாகத் தெஹிவளையில் ஒன்றாக இருக்கிறார்கள். தைப்பொங்கலன்று மகள் வந்து, தனக்கு மாப்பிள்ளை தேட வேண்டாம், அவளோடுதான் வாழப்போகிறேன் என்று சொன்னாள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு ஏழு மாதம் பேச்சு வார்த்தை இல்லை.

டிவியில் பெண்ணும் பெண்ணும் கலியாணம் கட்டச் சட்டம் இடம் கொடுக்கலாமா என்று வாதாடத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுவேன். ஒருநாள் நிறுத்தாமல் கேட்டேன். ஒருவர் இப்படிப்பட்ட பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் ஏளனம் செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளையை ஏசுவதென்றால் நான் ஏசுவேன், இவர் யார்?

அடுத்த கிழமையே அரியதரமும் பயற்றம் பணியாரமும் சுட்டேன். எங்கள் வழக்கத்தில் பெண் வீட்டார்தான் முதலில் போக வேண்டும். நான் பெண்ணைப் பெற்றவள். ஆகவே போவது என் கடமை. மகளிடம் சொல்லவில்லை. பாதி வழியில் மனம் மாறித் திரும்பிவிடுவேனோ என்று என்மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்துப் போனால், கதவில் இவ்வளவு பெரிய பூட்டு.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, யார் என்று விசாரித்தார். தட்டத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"நான் பொம்பிளையின்ர அம்மா. சம்பந்தம் கதைக்க வந்தனான்."

"இந்த வீட்டிலயும் பொம்பிளைப் பிள்ளைதானே இருக்கு?"

"ஓம். அவவுக்குத்தான்."

அவர் தட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப சம்பந்தியம்மா, வெயில்ல நிக்காதீங்க. உள்ளுக்கு வாங்க."

அவர் தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு, ஏழு மாதத்துக்குப் பிறகு மகளுக்குப் போன் எடுத்தேன். எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில் சொன்னாள்:

"அம்மா, அவவின்ர அம்மா உங்கட வாசல்ல நிக்கிறா."

அவர்கள் கத்தோலிக்கர் என்றாலும் எங்களைப் போலப் பூர்வீகம் யாழ்ப்பாணம்தான், வழக்கம் ஒன்று. அவரும் பெண்ணைப் பெற்றவர். முதலில் தான் போக வேண்டும் என்று, யாருக்கும் சொல்லாமல், கேக்கும் வாழைப்பழமும் கொண்டு என் பிளாட்டுக்குப் போயிருக்கிறார். காவலாளியிடம், 'சொந்தக்காரர்' என்று சிங்களத்தில் சொல்லி, அவருடைய கதிரையிலேயே இருந்து தன் மகளுக்குப் போன் எடுத்தாராம்.

இருவரும் இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்று பிள்ளைகள் கட்டளை போட்டுவிட்டு, அவரை ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தார்கள். வாசலில் நான் தட்டத்தை நீட்டினேன். அவரும் நீட்டினார். வாங்குவதற்கு இருவருக்கும் கை இல்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் இரண்டையும் வாங்கி வைத்தார். என் மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் மற்றவள் நாலு அரியதரம் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

சட்டம் மாறுமா என்று இப்போது டிவியை நிறுத்தாமல் பார்க்கிறேன். மாறினால் பதிவுப் புத்தகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட நாங்கள் இருவரும் ஆயத்தம். யார் முதலில் போடுவது என்பதில் மட்டும், அன்று பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண் வீட்டாருக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை.