பிணத்துக்குப் பின்னால் தெரியும் ஊர்

பிணம் கண்டெடுக்கப்பட்டதும் சிவக்கொழுந்து அக்கா எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் நிற்பார். துப்பறியும் பெண்மணி குனிந்து காயத்தை ஆராய்வார்; அக்கா அவருடைய தோளுக்கு மேலால் தெருவைப் பார்ப்பார். எந்த வளவில் உடுப்புக் கொடி கட்டியிருக்கிறது, சன்னல் சீலை என்ன நிறம், நாய் நிற்கிறதா. கொலைகாரன் யார் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. அது பக்கத்து வீட்டு சுஹைராவின் பொறுப்பு.

"ஆர் கொலை செய்ததெண்டு தெரியாட்டி எனக்கு நித்திரை வராதுக்கா" என்பார் சுஹைரா, கதிரையை இழுத்துப் போட்டபடி.

"ஆரெண்டாலும் கடைசியில பிடிபடுவான். நீ அந்தக் கூரையைப் பார்."

உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் அக்காவின் வீடு. உப்புவெளி விடுதிகளின் படுக்கை விரிப்புகள் ஓட்டோவில் வந்து இறங்கும். தோய்த்து, காயவைத்து, அயன் பண்ணித் திருப்பி அனுப்புவார். கொலைத் தொடர்களை அவர் தரம் பிரிப்பதும் ஊரை வைத்துத்தான். கேரளத்தில் எடுத்தவை அவருக்கு ஆகாது: "எந்நேரமும் மழை. உடுப்புக் காயாத ஊர்." இங்கிலாந்துக் கிராமங்கள் மேல் வியப்புண்டு: "கிழமைக்கொரு கொலை. ஒரு சனம் ஊரை விட்டுப் போகேல்லை. பூக்கண்டுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிக்குதுகள்." முதலிடம் நோர்வேக்கு. "அங்க கொலைகாரனும் சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள போறான். நல்ல சனம்."

நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு சிற்றூரில்தான் அவருடைய ஒரே மகள் லக்சாயினி கலியாணம் முடித்துப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் முகம் காட்டுவாள். முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவர். "வெளியில காட்டு பிள்ளை" என்றால், "வெளியில இருட்டு அம்மா" என்பாள். ஒழுங்கை முனையில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் சிந்துஜன், அந்த ஊரிலேயே கதை நடக்கும் தொடரொன்றைத் தேடிக் கொடுத்தபோது, மகளின் ஊரைக் காணாத அக்காவின் கவலை தீர்ந்தது. மொழி விளங்காவிட்டாலும் ஊர் விளங்கியது. பாலம், கூர்மையான தேவாலயம், மஞ்சள் வீட்டோடு ஒட்டி, பாணும் கேக்கும் சுட்டு விற்கும் பாண் கடை.

"அந்தப் பாண் கடைக்குப் போறனியோ?"

"ஓம் அம்மா, போறனான்."

"பாலத்தில காத்தடிக்கும், தலையை மூடு."

"ஓம் அம்மா."

போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு குழு கொலைத் தொடர் எடுக்க எங்கள் இறங்குதுறைக்கு வந்தது. பிணத்தை மூட வெள்ளை விரிப்பு வேண்டுமென்று அக்காவிடம் வந்து கேட்டார்கள். பிணமாக நடிக்க வந்தவரை அக்கா தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "இரத்தத்தை அளவாப் பூசுங்கோ. இது விடுதிச் சாமான்" என்று கொடுத்தார்.

தொடர் ஒளிபரப்பானபோது ஒழுங்கை முழுவதும் அக்கா வீட்டில் இருந்தது. முதற் காட்சியிலேயே எங்கள் இறங்குதுறையில் 'மன்னார்' என்று வேறு ஊரின் பெயர்ப்பலகை. இன்ஸ்பெக்டர் சிந்துஜனின் கடையடியில் திரும்பினார். திரும்பிய இடத்தில் தேயிலை மலை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. விளம்பரம் போனபோதும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம், அயன் பண்ணக் கொடுத்த என் சேட்டுகளை எடுக்கப் போயிருந்தேன். மகள் தொலைபேசியில் இருந்தாள். அக்கா சுகம் விசாரிக்கவில்லை.

"உண்மையைச் சொல்லு. அந்தப் பாண் கடை உங்கட ஊரிலயோ?"



"இல்லை அம்மா. அதெல்லாம் தெற்கில, வேற ஊரில எடுத்தவை."

"பாலம்?"

"பாலமும் இல்லை. இஞ்ச மீன் பதப்படுத்திற பக்ரறியும் ஒரு பெற்றோல் செட்டும்தான் கிடக்கு. நான் பக்ரறியிலதான் வேலை செய்யிறன்."

"பிறகேன் ஓம், ஓம் எண்டனி?"

"நீங்கள் அந்த ஊரைப் பற்றி அவ்வளவு சந்தோசமாக் கதைச்சீங்கள். இதை என்னெண்டு சொல்ல?" லக்சாயினியின் குரல் உடைந்தது.

அக்கா அயன் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். கதிரையில் அமர்ந்தார்.

"அழாத. போய்ப் பெற்றோல் செட்டைக் காட்டு."

"இப்பவோ? பனி கொட்டுது அம்மா."

"ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு போ."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளைச் சுவர் அகன்றது. அங்கே பகல்தான், ஆனாலும் சூரியன் எழாத குளிர்கால இருட்டு. தெருவிளக்கு, ஒதுக்கிக் குவித்த பனி, தூரத்தில் சிவப்பாக ஒரு வெளிச்சம். மகளின் மூச்சு இரைந்தது.

"அதுதான் அம்மா. தெரியுதோ?"

பனி விழுந்து அவளுடைய கமரா மங்கிப்போயிருந்தது. அக்கா சேலைத் தலைப்பை எடுத்துத் தன் கையிலிருந்த தொலைபேசியின் திரையைத் துடைத்தார். தெளியாததால் மறுபடியும் துடைத்தார்.