ஆறு கொம்புப் பெட்டியும் அக்காவின் இடது கையும்

அக்கா, தங்கை இருவருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது. வீட்டில் மற்ற எல்லோருக்கும் நன்றாகக் கேட்டதால், இவர்களோடு உட்கார்ந்து பேச யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே பெரியவளும் சின்னவளும் தங்களுக்குள் கைகளால் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். மூக்கைப் பிடித்தால் மாமா. மோவாயில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தால், அம்மா கோபமாக இருக்கிறாள், பக்கத்தில் போகாதே என்று அர்த்தம். பிறகு பள்ளியில் முறையான சைகைமொழியைக் கற்றுக்கொண்டார்கள். அதை ஊராரோடு பேச வைத்துக்கொண்டார்கள். ரகசியமும் சண்டையும் பழைய பேச்சில்தான்.

சின்னவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். தைத்து முடிந்து வரும் சட்டைகளில் விட்டுப்போன தையலையும் கோணல் பொத்தானையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. தையல்காரர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. கெஞ்சினாலும் காதில் விழாது என்பது அவர்கள் குறை.

அவள் கணவர் வேன் ஓட்டுகிறவர். காது கேட்கும், வாயும் ஓயாது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் கற்ற சைகைகள் சாப்பாடு, தூக்கம், டீசல், மன்னிப்பு. குடித்தனம் நடத்த அது போதும் என்பது அவர் கட்சி. மீதியை அவள் அவருடைய உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

பெரியவள் தூரத்து ஊரில் மகனோடு இருந்தாள். சாயங்காலம் வீடியோ அழைப்பில் அக்காவோடு பேசாமல் சின்னவளுக்குச் சோறு இறங்காது. காது கேட்கிறவர்கள் போனைக் கையில் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நடப்பார்கள். இவளுக்கு இரண்டு கையும் வேண்டும், முகத்தில் வெளிச்சமும் விழவேண்டும். வீட்டில் அப்படிப்பட்ட இடம் சமையலறை ஜன்னல் ஒன்றுதான். அங்கே மசாலா டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பாள்.

அந்த வருஷம் பெரியவளுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கை மட்டும் விழுந்துவிட்டது. சின்னவள் லீவு போட்டு ஓடினாள், லீவு தீர்ந்ததும் திரும்பினாள். இடது கையால் பேசிப் பழகச் சொன்னார் டாக்டர். பெரியவளோ செத்த வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, மகன் கேட்பதற்குத் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த இடது கை பழகாவிட்டால் அக்கா ஆயுசுக்கும் பேசமாட்டாள் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. காது கேட்காததற்காக அவள் ஒருநாளும் அழுததில்லை, இதற்கு அழுதாள்.

தினமும் வீடியோவில் தானே பழக்குகிறேன் என்று ஆரம்பித்தாள். பாடம் ஓடவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா பாதியில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உடனே மகனிடமிருந்து செய்தி வரும்: ‘சித்தி, உங்க கை தெரியல. எல்லாம் கலங்கலா இருக்கு.’

சின்னவளுக்கு இது விளங்கவில்லை. அவள் போனில் அக்கா கண்ணாடி போலத் தெரிந்தாள், காதோரத் தோடு வரைக்கும். நெட்காரர் வந்தார். தன் போனில் ஒரு சினிமாவை ஓடவிட்டார். அது தங்குதடையில்லாமல் ஓடியது.

“பாருங்கண்ணே, ஸ்பீடு பக்காவா இருக்கு. சிக்னல் கோடு எல்லாம் ஃபுல்லு. அந்தப் பக்கத்து நெட்டுலதான் கோளாறு.”

அந்தப் பக்கத்து நெட்காரரும் அங்கே போய் ஒரு சினிமாவை ஓடவிட்டு, இந்தப் பக்கத்தைக் கைகாட்டினார். வேன்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைக்குப் போய் ஆன்டெனாவாக ஆறு கொம்பு வைத்த ஒரு வைஃபை பெட்டியை வாங்கி வந்து, ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் எவர்சில்வர் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார்.

“உள்ள ஏன் வைக்கிறீங்க?” என்று அலமாரியைக் காட்டிக் கையாலேயே கேட்டாள் சின்னவள்.

“இவ்வளவு பெரிசா வாங்கிட்டு, நாலு பேர் பார்க்க வேண்டாமா?” என்றார்.

சமையலறையில் நின்ற போனிலும் கோடுகள் முழுசாக ஏறின. வேன்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். சாயங்காலம் அதே செய்தி வந்தது: கை தெரியவில்லை. அப்படியே ஒரு படமும் வந்தது. அங்கே அவள் எப்படித் தெரிகிறாளோ அதை மகன் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.

சின்னவள் அந்தப் படத்தைச் சட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முகம் ஈரச் சுவரில் தேய்த்த பெயிண்டாக இருந்தது. விரல் என்று ஒன்றுகூட இல்லை. அக்கா ஏன் முகத்தைத் திருப்பினாள் என்று அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நாளும் எல்லோரும், தான் உட்பட, வீட்டுக்குள் வருவதையே சோதித்திருக்கிறார்கள். இங்கிருந்து போவதை யாரும் பார்க்கவில்லை. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கணவரை அவள் நிற்கும் இடத்தில் நிறுத்தினாள். அவருடைய போனை எடுத்துக்கொண்டு தெருவில் நின்ற வேனுக்குப் போய், அங்கிருந்து வீட்டு நெட் இல்லாமல், சமையலறையில் இருந்த தன் போனுக்கு அழைத்தாள். கையை ஆட்டச் சொல்லியிருந்தாள். அவர் தனக்குத் தெரிந்த நாலு சைகையையும் திரும்பத் திரும்பச் செய்தார். வேனில் பார்த்தால் சட்டை ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம். அந்தப் போனோடு ஹாலுக்குப் போகும்படி அவருக்குக் கைகாட்டினாள். மனுஷர் மூக்குத் துவாரம் முதற்கொண்டு தெளிவாக வந்து நின்றார்.

மறுநாள் நெட்காரரை வேனில் உட்காரவைத்து அதையே காட்டினார்கள். அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

“கோடு ஃபுல்லா இருக்குன்னு நானும் ஏமாந்துட்டேண்ணே. கோடு காட்டுறது பெட்டி சொல்றது போனுக்குக் கேக்குதான்னு மட்டும்தான். போன் சொல்றது பெட்டிக்குப் போய்ச் சேரல. நடுவுல சுவரு, இப்ப புதுசா வாங்கி வச்ச ஃபிரிட்ஜு, அதுக்கு மேல உங்க எவர்சில்வர் கோப்பை வேற.”

“அதுக்குத்தானே ஆறு கொம்பு வாங்கினேன்?”

“கொம்பு பெட்டிக்குத்தானே இருக்கு? போனுக்கு இல்லையே! பெட்டி சத்தமா கத்துது, போன் பாவம் மெதுவாத்தான் பேசும்.”

கணவர் இதைத் திருப்பிச் சொன்னதை அவர் உதட்டில் வாங்கிக்கொண்ட சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருடைய சொந்தக்காரர்கள் அவளிடம் பேசுவது இப்படித்தான். காதருகே வந்து தொண்டை கிழியக் கத்துவார்கள், அவள் பதில் சொல்லக் கையைத் தூக்குவதற்குள் போய்விடுவார்கள்.

நெட்காரர் பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்தார். அதிலிருந்து ஒரு கேபிளை வென்டிலேட்டர் வழியாகச் சமையலறைக்கு இழுத்து, ஜன்னல் பக்கத்தில் சின்னதாக இன்னொரு பெட்டியை மாட்டினார். அதற்குக் கொம்பே கிடையாது. வேன்காரர் அதை மதிக்கவில்லை. நெட்காரர் கிளம்பும்வரை, தான் வாங்கியது வீண்போகவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லவைக்கப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் சின்னவள் ஒரு முடிவோடு நின்றாள். இரண்டு கையாலும் பேசிக்கொண்டு, நீ ஒரு கையால் பேசு என்று அக்காவிடம் சொல்வது அவளுக்கே கூச்சமாக இருந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் துப்பட்டாவால் இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இடது கையால் மட்டும் அழைத்தாள்.

அக்கா திரையில் வந்தாள். வழக்கம்போல அசுவாரசியமாகப் பார்த்தாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள். திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். சின்னவளின் முகத்தையும், ஆடும் இடது கையையும், கை தொங்காத வலப்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

மடியில் கிடந்த வலது கையை இடது கை விட்டது. அது மேலே வந்தது. விரல்கள் சரியாக மடங்கவில்லை, ஆனாலும் அது அவர்களுடைய பழைய பேச்சுதான்.

“உன் கைக்கு என்னடி ஆச்சு?”

சின்னவள் மேலே எழுந்த அந்தக் கையையே பார்த்தாள்.

“சொல்லு! உனக்கும் வந்துடுச்சா? எப்ப? ஏன் என்கிட்ட மறைச்சே?”

“ஒண்ணுமில்ல” என்றாள் சின்னவள், இடது கையால்.

“பொய் சொல்லாத! டாக்டர்கிட்ட போனியா? அந்த வேன்காரன் என்ன பண்றான், தூங்குறானா?”

பெரியவளின் இடது கை தடுமாறியது, பாதி வார்த்தையில் நின்றது, மறுபடி எழுந்து திட்டியது. தங்கையை, தங்கை புருஷனை, தொழிற்சாலையை, ஒருவரையும் விடவில்லை. அவளுக்குப் பின்னால் மகன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது தெரிந்தது.

சின்னவளுக்குக் கண்ணீர் வழிந்தது. வாழ்க்கையில் இத்தனை சந்தோஷத்தை அவள் அனுபவித்ததில்லை. துப்பட்டா முடிச்சை அவிழ்க்காமல், அக்கா திட்டத் திட்ட வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.